உச்ச வரம்பு: வைட்டமின் மாத்திரைகள் எந்த அளவில் தீங்காகின்றன?

கேள்வி

வைட்டமின் மாத்திரைகளைப் பற்றிய பேச்சில் "நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது" என்ற சொல் தவறாமல் வந்துவிடுகிறது. மருந்துக்கடைக்காரர் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், சில வேளை மருத்துவரே சொல்கிறார். அசதிக்கு ஒரு சத்து மாத்திரை, முடி கொட்டினால் பயோட்டின், கால் மரத்துப்போனால் பி காம்ப்ளக்ஸ், மூட்டு வலித்தால் வைட்டமின் டி, தோலுக்கு வைட்டமின் ஈ என்று ஒவ்வொரு குறைக்கும் ஓர் அட்டை வீட்டுக்கு வருகிறது. ஐந்தையும் ஒரே ஆள் ஒரே காலத்தில் விழுங்கும்போது மொத்தம் எவ்வளவு உள்ளே போகிறது என்று எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கெடுதல் செய்யாத பொருளுக்குக் கணக்கு எதற்கு?

கெடுதல் செய்யாது என்ற அந்த எண்ணம் சான்றுகளின் முன் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. குறைபாடு உள்ளவருக்கு வைட்டமின் கொடுப்பது உயிர் காக்கும் மருத்துவம். அதில் எனக்கு ஐயம் எதுவும் இல்லை. குறைபாட்டைத் தீர்க்கும் அளவைத் தாண்டிய பிறகும் அதே பொருளை உணவு என்றே கருதிக்கொண்டிருப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது. அந்த எல்லைக்கு அப்பால் வைட்டமின் ஒரு மருந்து. மருந்துக்கு உரிய அளவும் காலவரையறையும் எச்சரிக்கையும் அதற்கும் வேண்டும்.

நம்பிக்கை பிறந்த இடம்

வைட்டமின்களின் வரலாறு பற்றாக்குறையின் வரலாறாகவே தொடங்கியது. 1912-இல் காசிமிர் ஃபங்க் அந்தப் பெயரைச் சூட்டியபோது ஆராய்ச்சியாளர்களின் கண்முன் இருந்தவை பெரிபெரி, ஸ்கர்வி, ரிக்கெட்ஸ் போன்ற நோய்கள். தீட்டிய அரிசியை மட்டும் உண்டு கால் வீங்கி இதயம் தளர்ந்தவர், ஒன்றிரண்டு மில்லிகிராம் தயமின் கிடைத்ததும் எழுந்து நடந்தார். இந்தியாவில் இத்துறை வேர்விட்டது நீலகிரியில். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி விசாரணைப் பிரிவுதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது.

இம்மியளவு பொருள் இவ்வளவு பெரிய நோயைத் தீர்த்ததைக் கண்ட தலைமுறைக்கு, கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் நலம் விளையும் என்று தோன்றியது இயல்பே. அந்தத் தாவலுக்கு அறிவியல் மதிப்பைச் சேர்த்தவர் லைனஸ் பாலிங். இருமுறை நோபல் பரிசு பெற்ற அந்த வேதியியலாளர், 1970-இல் வைட்டமின் சியும் ஜலதோஷமும் பற்றி எழுதிய நூலில், நாளொன்றுக்கு ஒரு கிராமும் அதற்கு மேலும் உட்கொள்ளச் சொன்னார். பிறகு புற்றுநோய்க்கும் அதையே பரிந்துரைத்தார். மேயோ மருத்துவமனை 1979-இலும் 1985-இலும் வெளியிட்ட கட்டுப்பாட்டுச் சோதனைகளில், தினம் 10 கிராம் வைட்டமின் சி உட்கொண்ட புற்றுநோயாளிகளுக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. ஜலதோஷத்தைப் பொறுத்தவரை, தொடர்ந்து உட்கொள்ளும் பெரியவர்களுக்கு நோய் நீடிக்கும் காலம் ஏறத்தாழ 8 சதவீதம் குறைகிறது. பொதுமக்களிடையே நோய் வருவதே குறையவில்லை என்பது காக்ரேன் தொகுப்பாய்வின் முடிவு. ஆனால் பாலிங்கின் புகழ் ஏற்றிவிட்ட நம்பிக்கையை இந்த முடிவுகளால் இறக்க முடியவில்லை. கொரோனா காலத்தில் நம் வீடுகளில் குவிந்த வைட்டமின் சி, துத்தநாக அட்டைகளில் அந்த நம்பிக்கைதான் உயிரோடு இருந்தது.

உடலின் மதகுகள்

கூடுதல் ஏன் தீங்காகிறது என்று அறிய, உணவும் வெயிலும் வைட்டமினை எப்படி உள்ளே விடுகின்றன என்று பார்க்க வேண்டும். வெயில் தோலில் படும்போது அங்குள்ள ஒரு கொழுப்புப் பொருள் முன்வைட்டமின் டி ஆகிறது. உடல் வெப்பத்தில் அது மெல்ல வைட்டமின் டி ஆக மாறும். வெயில் நீடித்தால் இந்த ஆக்கம் முடிவில்லாமல் தொடர்வதில்லை. மிஞ்சிய முன்வைட்டமின், லுமிஸ்டெரால், டாக்கிஸ்டெரால் என்னும் பொருட்களாகத் திரிந்துவிடுகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் தொழிலாளிக்கு வேறு எத்தனையோ இன்னல்கள் வரலாம். வெயிலால் வைட்டமின் டி நஞ்சேறுவது மட்டும் நேராது.

கேரட், பப்பாளி, முருங்கைக்கீரை ஆகியவற்றில் இருப்பது வைட்டமின் ஏ அல்ல, அதன் மூலப்பொருளான பீட்டா கேரட்டின். உடல் தன் தேவைக்கு ஏற்பவே அதை வைட்டமின் ஏ ஆக்குகிறது. அளவுக்கு மேல் கேரட் தின்னும் குழந்தைக்கு உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகும். விழியின் வெண்மை மாறாமல் இருப்பதை வைத்து இது காமாலை அல்ல என்று மருத்துவர் கண்டுகொள்வார். கேரட்டைக் குறைத்தால் நிறம் போய்விடும். ஏரி நிறையும்போது உபரிநீரைக் கலிங்கு வெளியேற்றுவதும், வயலுக்குப் போகும் நீரை மதகு அளந்து விடுவதும் போல உடலில் இத்தகைய ஏற்பாடுகள் பல உண்டு.

மாத்திரை இந்த ஏற்பாடுகளைச் சுற்றிக்கொண்டு போகிறது. வாய்வழியே வரும் ஆயத்த வைட்டமின் டியைத் தோலால் தடுக்க முடியாது. ரெட்டினால் என்ற ஆயத்த வைட்டமின் ஏ குடலில் பெரும்பாலும் அப்படியே உறிஞ்சப்பட்டுக் கல்லீரலில் சேர்கிறது. உணவிலும் இதற்கு விலக்கு உண்டு: ஈரலில் இருப்பது ஆயத்த வைட்டமின் ஏதான். துருவப் பகுதிக்குச் சென்றவர்கள் பனிக்கரடியின் ஈரலைத் தின்று கடும் தலைவலியும் வாந்தியும் தோலுரிதலும் கண்டது அதனால்தான். ஆக, இயற்கையா செயற்கையா என்ற பிரிவினை இங்கே உதவாது. எந்த வடிவில், எந்த வழியில், எவ்வளவு என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

ஃபின்லாந்தில் நடந்தது

மதகுக் கருத்து எல்லாவற்றையும் விளக்கிவிடாது. அதைக் காட்டிய சோதனையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

காய்கறி, பழம் நிறைய உண்பவர்களுக்கும் இரத்தத்தில் பீட்டா கேரட்டின் மிகுந்தவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று 1970-களிலிருந்தே பல கணிப்புகள் காட்டின. 1981-இல் ரிச்சர்ட் பீட்டோவும் சகாக்களும் 'நேச்சர்' இதழில், உணவின் பீட்டா கேரட்டினால் புற்றுநோயைக் கணிசமாகக் குறைக்க முடியுமா என்ற கேள்வியை முன்வைத்து, அதைச் சோதனையால் முடிவு செய்யக் கேட்டார்கள். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனமும் ஃபின்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து தென்மேற்கு ஃபின்லாந்தில் அதை நடத்தின. 50 முதல் 69 வயதுவரையான 29,133 ஆண்கள் பங்கேற்றார்கள்; எல்லோரும் புகைபிடிப்பவர்கள். சிலருக்கு தினம் 20 மில்லிகிராம் பீட்டா கேரட்டின், சிலருக்கு 50 மில்லிகிராம் வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெற்று மாத்திரை. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள்.

முடிவு 1994-இல் வெளிவந்தது. பீட்டா கேரட்டின் பெற்றவர்களில் 474 பேருக்கும் பெறாதவர்களில் 402 பேருக்கும் நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தது. குறையும் என்று எதிர்பார்த்தது 18 சதவீதம் கூடியிருந்தது. மொத்த இறப்பும் 8 சதவீதம் கூடுதல். தற்செயலாக இருக்கலாம் என்று சிலர் கருதினார்கள். அந்த ஐயம் நீடிக்க இடமில்லாமல் போயிற்று. அமெரிக்காவில் புகைபிடித்தவர்களும் கல்நார்த் தொழிலாளர்களுமாக 18,314 பேரிடம், 30 மில்லிகிராம் பீட்டா கேரட்டினும் 25,000 யூனிட் வைட்டமின் ஏயும் கொடுத்து நடந்துகொண்டிருந்த கேரட் (CARET) என்ற சோதனை, 1996 ஜனவரியில் குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்பே நிறுத்தப்பட்டது. அங்கே நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் இறப்பு 17 சதவீதமும் கூடியிருந்தன.

ஃபின்லாந்துத் தரவுகளில் என்னை நெடுநேரம் நிறுத்தியது வேறொரு செய்தி. சோதனை தொடங்கும் முன்பே இரத்தத்தில் பீட்டா கேரட்டின் மிகுந்திருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் குறைவாகத்தான் வந்தது. அதே ஆட்கள், அதே பொருள். தட்டிலிருந்து வந்தபோது நலத்துடன் சேர்ந்து நின்றது, மாத்திரையிலிருந்து வந்தபோது தீங்குடன் சேர்ந்து நின்றது. இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. இரண்டும் ஒருங்கே உண்மையாகவும் இருக்கலாம். காய்கறி நிறைய உண்பவர் வேறு பல வகைகளிலும் உடலைப் பேணுபவராக இருப்பார். இரத்தத்திலுள்ள கேரட்டின் அந்த வாழ்க்கைமுறையின் அடையாளமே தவிரக் காரணமாக இருந்திருக்காது. இது முதலாவது. மாத்திரை இரத்தத்திலுள்ள அளவை உணவால் எட்ட முடியாத உயரத்துக்குக் கொண்டுபோனது என்பது இரண்டாவது: மூன்றாம் ஆண்டில் அந்த அளவு ஆரம்பத்தைவிட 17 மடங்கு அளவுக்கு ஏறியிருந்தது. புகை மண்டிய நுரையீரலில் அவ்வளவு கேரட்டின் ஆக்சிஜனேற்றம் அடைந்து, பிறக்கும் சிதைபொருட்களே திசுவைக் கெடுக்கின்றன என்று ஃபெரட் என்ற சிறு விலங்கை வைத்துச் செய்த ஆய்வுகள் சுட்டின.

முடிவின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க மருத்துவர்கள் 22,071 பேரிடம் நடந்த சோதனையில், ஒன்றுவிட்டு ஒரு நாள் 50 மில்லிகிராம் பீட்டா கேரட்டினைப் பன்னிரண்டு ஆண்டுகள் உட்கொண்டும் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள். ஆகவே தீங்கு எல்லோருக்கும் ஒரேயளவில் நேர்வதில்லை. ஆனால் யாருடைய நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று கடைக்காரர் பார்த்துக் கொடுப்பதில்லை. அதிகம் பாதுகாப்புத் தேவைப்படுகிறது என்று எண்ணி மாத்திரை வாங்குபவர் புகைபிடிப்பவராகவும் இருக்கலாம்.

வைட்டமின் ஈயின் கதையும் இதே திசையில் போனது. 35,533 ஆண்களிடம் நடந்த செலக்ட் சோதனையில் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ பெற்றவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது என்று 2011-இல் அறிவித்தார்கள். 17 சதவீதம் என்பது காதுக்குப் பெரிதாகக் கேட்கும். ஆயிரம் பேர் ஓராண்டு உட்கொண்டால் கூடுதலாக ஒன்று அல்லது இரண்டு பேருக்கு என்பதே அதன் பொருள். தனி ஒருவருக்கு இது சிறிய ஆபத்துதான். ஆனால் எந்தப் பயனும் இல்லாத ஒன்றுக்காக அந்தச் சிறிய ஆபத்தையும் ஏன் ஏற்க வேண்டும்?

அறுபதாயிரம் யூனிட்

இனி நம்முடைய சூழல். முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு எடுத்தவர்கள் அனைவரும் அறிந்த காட்சி இது: அறிக்கையில் வைட்டமின் டி என்ற வரி தடித்த எழுத்தில் நிற்கும். எந்த அளவுக்குக் கீழே போனால் குறைபாடு என்பதில் வல்லுநர்களிடையே நெடுநாள் வழக்கு உண்டு. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2011-இல் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் போதும் என்றது. அதே ஆண்டு எண்டோகிரைன் சொசைட்டி 30 வேண்டும் என்றது. ஆய்வகங்கள் பல 30-ஐ எடுத்துக்கொண்டன. 20-க்கும் 30-க்கும் இடைப்பட்ட பெருங்கூட்டம் ஒரே நாளில் நோயாளிப் பட்டியலில் ஏறியது. 2024-இல் அதே சொசைட்டி தன் புதிய வழிகாட்டலில் 30 என்ற இலக்கைக் கைவிட்டது. நலமாக இருப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றும் சொன்னது. ஆய்வக அறிக்கைகளின் தடித்த எழுத்து இன்னும் மெலியவில்லை.

அறிக்கைக்குப் பின் வருவது ஒரு சிறு உறை. உள்ளே ஒரு கிராம் குருணைத்தூள். பாலில் கலக்கிக் குடிக்க வேண்டும். அதில் 60,000 யூனிட் கோலிகால்சிஃபெரால் இருக்கிறது. எடையில் இது ஒன்றரை மில்லிகிராம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்த அளவுகளின்படி, பெரியவருக்கு ஒரு நாள் பரிந்துரை 600 யூனிட். தாங்கக்கூடிய உச்ச வரம்பு 4,000. உறை ஒன்றில் இருப்பது நூறு நாள் பரிந்துரை. வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் என்பது உண்மையான குறைபாட்டுக்குப் பரவலாக ஏற்றுக்கொண்ட முறை. வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று ஒருவர் விளங்கிக்கொண்டால் உச்ச வரம்பைப் போலப் பதினைந்து மடங்கு அன்றாடம் உள்ளே போகிறது. நம் வீடுகளில் மாத்திரை என்றாலே காலை ஒன்று, இரவு ஒன்று. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் தினமும் விழுங்கிப் பழகியவருக்கு, வாரத்துக்கு ஒருமுறை என்பது பழக்கத்துக்கே மாறான கட்டளை. அந்தக் கட்டளை பெரும்பாலும் வாய்வார்த்தையாக வருகிறது, அல்லது மருந்துச் சீட்டின் கோழிக்கிறுக்கலில் மறைந்து கிடக்கிறது.

அடுத்த பிழை, நிறுத்தாமல் தொடர்வது. எட்டு வாரம் முடிந்த பின்பும் பழைய சீட்டைக் காட்டி வாங்குவார்கள். சீட்டு இல்லாமலும் கிடைக்கும். மூன்றாவது, ஒரே பொருள் பல பெயர்களில் வருவது: வாராந்தர உறை, கால்சியம் மாத்திரைக்குள் இருக்கும் டி, பல்சத்து மாத்திரையின் டி, மூட்டுவலிக்கு வேறொரு மருத்துவர் போட்ட ஊசி. அந்த ஊசிகளில் ஒன்றிலேயே ஆறு லட்சம் யூனிட்வரை உண்டு.

மிகுந்த டி உடலில் செய்வது இது. கல்லீரல் அதை 25-ஹைட்ராக்சி வடிவமாக மாற்றும். இந்தக் கட்டத்தில் கறாரான கட்டுப்பாடு கிடையாது. சிறுநீரகத்தில் நடக்கும் இறுதிக் கட்டத்தில்தான் உடல் கடிவாளம் போடுகிறது. ஆனால் முதற்கட்டப் பொருள் பெருகி வழியும்போது அதுவே நேரடியாக வினையாற்றத் தொடங்கிவிடும். குடல் கால்சியத்தை அள்ளி உறிஞ்சும், எலும்பும் கால்சியத்தை விடும், இரத்தத்தில் அது ஏறும். பசி போகும், வாந்தி வரும், மலம் கட்டும், தாகமும் சிறுநீரும் பெருகும், நினைவு குழம்பும், சிறுநீரகம் கெடும். வயதானவர் ஒருவரிடம் இந்த அறிகுறிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: எல்லாவற்றையும் முதுமையின் கணக்கில் எழுதிவிட முடியும். வாந்திக்கு ஒரு மாத்திரை, மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து, சோர்வுக்கு இன்னும் ஒரு சத்து மாத்திரை என்று சேர்ந்துகொண்டே போகும். கால்சியத்தை அளந்து பார்க்கும் எண்ணம் யாருக்காவது தோன்றும்வரை காரணம் வெளிப்படாது. டி கொழுப்பில் தங்குவதால், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தொல்லை நீடிக்கும். காஷ்மீரைச் சேர்ந்த மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். டி குறைபாடு பரவலாக உள்ள பகுதியிலேயே டி நஞ்சும் பெருகுவதில் வியப்பில்லை. குறைபாடு பற்றிய பேச்சு எங்கே உரக்க ஒலிக்கிறதோ, அங்கேதான் உறைகளும் ஊசிகளும் குவிகின்றன.

உடனடி நஞ்சு அரிது என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் டி அல்லது வெற்று மருந்து கொடுத்துச் சோதித்தார்கள். எலும்பு முறிவைத் தடுப்பதே நோக்கம். 2010-இல் வந்த முடிவில், டி பெற்றவர்கள் 15 சதவீதம் கூடுதலாகக் கீழே விழுந்திருந்தார்கள். முறிவு 26 சதவீதம் கூடுதல். கால்கேரியில் நடந்து 2019-இல் வெளியான சோதனையில் தினம் 400, 4,000, 10,000 யூனிட் என்று மூன்று அளவுகளை ஒப்பிட்டார்கள். அதிக அளவு பெற்றவர்களின் எலும்பு அடர்த்தி, குறைந்த அளவு பெற்றவர்களுடையதைவிடத் தாழ்ந்திருந்தது. எலும்புக்காகக் கொடுத்த மருந்து இது.

சிறுநீரில் போய்விடுமா?

ஏ, டி, ஈ, கே கொழுப்பில் கரைபவை, சேரும். பி, சி நீரில் கரைபவை, மிஞ்சியது சிறுநீரில் போய்விடும் என்று பள்ளியிலேயே படிக்கிறோம். பாதி உண்மை இது. பி காம்ப்ளக்ஸ் விழுங்கிய பின் சிறுநீர் அடர்மஞ்சளாவதைக் கண்டு, மிச்சம் வெளியேறிவிட்டது என்று நிம்மதி கொள்கிறோம். அந்த மஞ்சள் பெரும்பாலும் ரைபோஃபிளேவினுடையது. பைரிடாக்சின், அதாவது பி6, எங்கே இருக்கிறது என்பதற்கு அந்த நிறம் சாட்சி சொல்லாது.

1983-இல் ஹெர்பர்ட் ஷாம்பர்க் குழுவினர் ஏழு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். தினம் 2 முதல் 6 கிராம்வரை பி6 விழுங்கிவந்தவர்கள். பாதம் மரத்து, பிறகு கையும் மரத்து, கால் எங்கே படுகிறது என்ற உணர்வே போய், கண்ணை மூடினாலோ இருட்டிலோ தள்ளாடினார்கள். தசை வலுவிழக்கவில்லை, உணர்வு நரம்புகளே பழுதாகியிருந்தன. நிறுத்திய பின் மெல்லத் தேறினார்கள். பிற்காலத்தில் இதைவிட மிகக் குறைந்த அளவிலும் பாதிப்பு பதிவானது. எவ்வளவு குறைவு என்பதில்தான் கருத்து வேறுபாடு. அமெரிக்க உச்ச வரம்பு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வகுத்தது 12. காசநோய்க்கு ஐசோநயசிட் உண்பவருக்கு நரம்பைக் காக்கச் சிறிய அளவில் பி6 தேவை, அது மருத்துவம். சர்க்கரை நோயால் கால் மரத்தவர் தானாகவே பி6 மிகுந்த மாத்திரைகளைக் கூட்டிக்கொண்டே போனால், மரப்பு எதனால் என்று பிரித்தறியும் வழியே அடைபடுகிறது.

ஃபோலிக் அமிலத்தில் சிக்கல் வேறு மாதிரி. மிகுந்த ஃபோலிக் அமிலம் பி12 குறைபாட்டின் இரத்தசோகையைச் சரிசெய்துவிடும், நரம்புப் பழுதைச் சரிசெய்யாது. எச்சரிக்கை மறைந்து நோய் தொடரும். பி12 குறைபாடு பரவலாக உள்ள நம் நாட்டில் இது அலட்சியம் செய்யத்தக்கதல்ல. பயோட்டினால் உடலுக்கு நேரடித் தீங்கு தெரியவில்லை. ஆனால் முடிக்கென்று விற்கும் 10,000 மைக்ரோகிராம் மாத்திரை, அன்றாடத் தேவையான 30 அல்லது 40 மைக்ரோகிராமைப் போல முந்நூறு மடங்கு அளவு. அது ஆய்வகச் சோதனைகளில் குறுக்கிட்டு, தைராய்டு நோய் இல்லாதவரை நோயாளியாகவும், மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் அளவைப் பொய்யாகத் தாழ்த்தியும் காட்டக்கூடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் இதுபற்றி எச்சரித்தபோது ஓர் இறப்பையும் குறிப்பிட்டது.

வைட்டமின் ஏயும் ஒரு மனமாற்றமும்

1995-இல் கென்னத் ரோத்மன் குழு 22,748 கர்ப்பிணிகளின் விவரங்களை ஆராய்ந்து, தினம் 10,000 யூனிட்டுக்கு மேல் ஆயத்த வைட்டமின் ஏ மாத்திரை உட்கொண்டவர்களின் குழந்தைகளில் ஏறத்தாழ 57-க்கு ஒன்றுக்கு அதனால் பிறவிக் குறை நேர்ந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த எண்ணைச் சிலர் மறுத்தார்கள். மிகுந்த ரெட்டினால் கருவைக் கெடுக்கும் என்பதை யாரும் மறுக்கவில்லை. கருத்தரிப்பதற்கு முன்பே தோலழகுக்கும் முடிக்கும் எடுத்துவரும் மாத்திரைகளின் உள்ளடக்கத்தைப் பார்க்க இது ஒன்றே போதுமான காரணம்.

இந்தியாவில் ஏயின் வரலாறு இன்னும் சிக்கலானது. குழந்தைகளின் பார்வையிழப்பைத் தடுக்க 1970-இல் தொடங்கிய தேசியத் திட்டத்துக்கு அடிப்படையான ஆய்வுகள், சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் தலைமையேற்றிருந்த ஹைதராபாத் நிறுவனத்தில் நடந்தவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் சொட்டு மருந்து கொடுப்பது திட்டம். அதே கோபாலன் பிற்காலத்தில், கடும் குறைபாடு அருகிய பின்னும் எல்லாக் குழந்தைகளுக்கும் பேரளவு மருந்தைத் தொடர்வதை வெளிப்படையாக எதிர்த்தார். கீரையும் காயும் பாலும் சேர்ந்த உணவே வழி என்று வாதிட்டார். நிலைமை மாறியபோது தன் துறையின் சாதனையையே மறுபரிசீலனை செய்த அந்த நேர்மை, என் பார்வையில், இவ்விவாதத்தின் மிக உயர்ந்த தருணம். உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்து 2013-இல் வெளியான டெவ்டா சோதனையிலும் இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. வேறு நாடுகளில் நடந்த முந்தைய சோதனைகள் பயன் காட்டியதால் வழக்கு இன்னும் முடியவில்லை.

இப்போது சமையல் எண்ணெயிலும் பாக்கெட் பாலிலும் ஏயும் டியும் சேர்க்கிறார்கள். 'எஃப்' எழுத்தும் கூட்டல் குறியும் கொண்ட முத்திரை அதைச் சொல்கிறது. சொட்டு மருந்து, செறிவூட்டிய எண்ணெய், பால், வீட்டில் ஊட்டும் டானிக் எல்லாம் சேர்ந்தால் சில குழந்தைகள் உச்ச வரம்பைக் கடக்கக்கூடும் என்று அனுரா குர்பத், சச்தேவ் முதலிய ஆய்வாளர்கள் 2021-இல் எச்சரித்தார்கள். செறிவூட்டலில் நேரும் பிழையும் கற்பனையல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு பால் பண்ணை டியை அளவின்றிக் கலந்து எட்டுப் பேர் நோயுற்றது 1992-இல் வெளியானது. ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான பாலில் 400 யூனிட் இருக்க வேண்டிய இடத்தில் சில மாதிரிகளில் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

எதிர்வாதங்கள்

இவ்வளவும் சொல்வது, ஏழை நாட்டில் பணக்காரர்களின் கவலையைப் பேசுவதாகும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் வலு இருக்கிறது. 2016-18 தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணிப்பின்படி, இந்திய வளரிளம் பருவத்தினரில் 31 சதவீதம் பேருக்கு பி12 குறைபாடு, 24 சதவீதம் பேருக்கு டி குறைபாடு. 1991-இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் சோதனை, ஃபோலிக் அமிலம் தண்டுவடப் பிறவிக் குறை மீண்டும் வருவதை 72 சதவீதம் தடுத்ததைக் காட்டியது. கர்ப்பிணிக்கு அரசு கொடுக்கும் இரும்பு-ஃபோலிக் மாத்திரையை அச்சத்தால் யாராவது தவிர்த்தால் அது பெருந்தவறு. ஆனால் குறைபாடு ஓரிடத்திலும் மாத்திரை வேறிடத்திலும் குவிவதுதான் நம் நிலை. முட்டையும் பாலும் கிட்டாத குழந்தைக்கு பி12 இல்லை. பரிசோதனைத் தொகுப்புக்குப் பணம் கட்டக்கூடியவர் வீட்டில் ஐந்து அட்டைகள்.

தொகுப்பாய்வுகளின் மீதான விமர்சனமும் கவனத்துக்குரியது. 68 சோதனைகள், 2,32,606 பேர் அடங்கிய 2007-ஆம் ஆண்டுத் தொகுப்பில் கோரன் பியலகோவிச் குழு, தரமான சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் பீட்டா கேரட்டின், ஏ, ஈ ஆகியவை இறப்பை 5 சதவீதம் கூட்டுகின்றன என்றது. நோயாளிகளையும் நலமானவர்களையும் ஒன்றாகக் கூட்டியது, யாரும் இறக்காத சோதனைகளை விட்டுவிட்டது என்று அதைக் குறை கூறினார்கள். அந்த 5 சதவீதத்தை நான் கல்வெட்டாகக் கொள்ளவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு காட்ட வேண்டியது நன்மையை. 25,871 பேரிடம் தினம் 2,000 யூனிட் டி கொடுத்த வைட்டல் சோதனையிலும் புற்றுநோயோ இதயநோயோ வருவது குறையவில்லை.

சட்டமும் சீட்டும்

இந்தியாவில் வைட்டமின் இரண்டு சட்டங்களுக்கு இடையில் வாழ்கிறது. மருந்து என்று விற்றால் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டம். கூடுதல் ஊட்டம் என்று விற்றால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். வாங்குபவருக்கு இந்த வேறுபாடு தெரியாது; இரண்டும் ஒரே கண்ணாடி அலமாரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. அட்டையின் பின்புறத்தில் அன்றாடத் தேவையின் சதவீதம் பொடி எழுத்தில் இருக்கும். 300 சதவீதம் என்று கண்டால் நம்மில் பெரும்பாலோர் மூன்று மடங்கு நல்லது என்றே படிக்கிறோம். உச்ச வரம்பு எவ்வளவு, அதில் இந்த ஒரு மாத்திரை எத்தனை பங்கு என்ற விவரத்தையும் அருகிலேயே அச்சிட்டால் அந்த வாசிப்பு மாறும். 60,000 யூனிட் உறையின் முகப்பில் 'வாரம் ஒன்று மட்டும்' என்று தமிழிலும் அந்தந்த மாநில மொழியிலும் பெரிதாக எழுதச் சொல்ல மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு என்ன தடை?

அதுவரை செய்யக்கூடியது மருத்துவரின் மேசையிலேயே இருக்கிறது. வைட்டமின் எழுதும் சீட்டில் தொடங்கும் நாளோடு நிறுத்தும் நாளையும் எழுதலாம். வாந்தியும் குழப்பமுமாக வரும் முதியவரிடம், வீட்டிலுள்ள அட்டைகள், உறைகள், டானிக் பாட்டில்கள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லலாம். பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேட்டால் நோயாளி சொல்லிவிடுவார். சத்து மாத்திரையை அவர் மருந்தாகவே எண்ணுவதில்லை; ஆகவே அதைப் பெயர் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும், போட்ட ஊசிகளையும் சேர்த்து.